குளக்கரையில் நிற்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பிற்குரிய பெற்றோர்களே, பயிற்றுநர்களே, விளையாட்டுச் செய்தி எழுதும் நண்பர்களே, பந்தய நாட்களில் நீச்சல் குளத்தின் விளிம்பில் நெருங்கி நின்று குரல் கொடுக்கும் அபிமானிகளே,

நீங்கள் ஒருவரும் பந்தயத்தில் இறங்குபவர்கள் அல்லர். ஆயினும், இறங்குகிற குழந்தையின் நெஞ்சில் எது தங்க வேண்டும், எது தங்கக் கூடாது என்பதைப் பெரும்பாலும் நிர்ணயிப்பவர்கள் நீங்களே. வீடு உறங்கும் வேளையில் எழுந்து, பிள்ளையை எழுப்பி, நீச்சலுடையும் துவாலையும் அடங்கிய பையைத் தூக்கிக்கொண்டு, பள்ளி நேரத்திற்கு முன்பாகக் குளத்திற்கு வந்து சேரும் தாய் தந்தையரின் பிரயாசை எத்தகையது என்பதை நான் அறிவேன். அதற்கு மரியாதை செலுத்திவிட்டே இம்மடலைத் தொடங்குகிறேன். ஜப்பான் தேசத்து மார்பு நீச்சல் வீராங்கனையான ஹிதேகோ மாயெஹாதா அம்மையாரின் வரலாற்றைச் சிரத்தையோடு படித்ததில், நீந்தியவரைப் பற்றி அறிந்ததற்கு நிகராக, கரையில் நின்றவர்களைப் பற்றியும் அறிய நேர்ந்தது. அதை உங்களோடு பகிர்ந்துகொள்ளாமல் இருக்க என் மனம் இடந்தரவில்லை.

முதலில் இந்த நீச்சலின் சுபாவத்தைச் சிறிது சொல்ல வேண்டும். பந்தயத்திற்குரிய நான்கு வகை நீச்சல்களில் மார்பு நீச்சலே மிக மெதுவானது. மற்றவற்றில் கை நீரைவிட்டு மேலெழுந்து காற்றின் வழியே முன்னே செல்கிறது. இதிலோ கைகளும் கால்களும் பெரும்பாலும் நீருக்குள்ளேயே மீள வேண்டியிருப்பதால், உடலை முன்னே செலுத்த உதவிய அதே நீர் மறுகணமே அதன் குறுக்கே நிற்கிறது. கால்களை மடக்கி இழுக்கும் தருணத்தில் வேகம் ஏறக்குறைய அற்றுப்போகிறது. உதைத்த பிறகு உடலை நெடுக நீட்டி, கைகளை முன்னே சேர்த்து, ஒரு கணம் அசைவின்றி வழுக்கிச் செல்லத் தெரிந்தவருக்கே அந்த உதையின் முழுப் பலனும் கிட்டுகிறது. அந்த ஒரு கணத்தைப் பொறுக்கமாட்டாமல், முந்திவிட வேண்டும் என்ற பதைப்பில் அடுத்த வீச்சை அவசரமாகத் தொடங்குபவர், அதிகம் களைத்துக் குறைந்த தூரமே செல்வார். கரையிலிருந்து, ‘வேகமாகப் போ, வேகமாகப் போ’ என்று நாம் இடைவிடாமல் கூவும்போது, நம் சொல்லுக்குக் கீழ்ப்படிய விரும்பும் குழந்தை முதலில் தியாகம் செய்வது அந்த வழுக்கலைத்தான். கூவக் கூவ வேகம் குறைவது இந்த நீச்சலின் விசித்திரம். ஆயினும் பந்தய நாளில் இதை நினைவில் வைத்துக் குரலை அடக்கிக்கொள்ளும் பெற்றோர் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள்.

விதிகளும் இந்த நீச்சலை வேறெதையும் விட அதிகமாகவே கட்டி வைத்திருக்கின்றன. இரு கைகளும் ஒருங்கே இயங்க வேண்டும்; இரு கால்களும் ஒருங்கே இயங்க வேண்டும்; திரும்பும்போதும் முடிக்கும்போதும் இரு கரங்களும் ஒரே நேரத்தில் சுவரைத் தொட வேண்டும். விதி விட்டுவைத்த ஒவ்வோர் இடைவெளியிலும் யாரேனும் ஒருவர் புகுந்திருக்கிறார். அவர் புகுந்த பின்னர் சட்டம் ஒன்று அவரைத் தொடர்ந்து வந்திருக்கிறது. கைகளை நீருக்கு மேலே வீசினால் விரைவு மிகும் என்று 1930களில் சிலர் கண்டுகொண்டதன் பயனாக, 1952ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக் முடிந்த பிறகு, அந்த முறை வண்ணத்துப்பூச்சி நீச்சல் என்ற தனிப்பிரிவாகப் பிரிந்து போயிற்று. 1956இல் மெல்போர்னில் மஸாரு ஃபுருகவா என்ற ஜப்பானியர் 200 மீட்டரின் பெரும்பகுதியை நீருக்கடியிலேயே நீந்தித் தங்கம் வென்றார். அதன் பின்னர், நீருக்கடியில் அவ்வாறு நெடுந்தூரம் செல்வது தடுக்கப்பட்டது. 2004இல் ஏதென்ஸ் நகரில் கோஸுகே கிதாஜிமா 100 மீட்டரை 1 நிமிடம் 00.08 விநாடியில் முடித்து வென்றபோது, நீருக்கடியில் அவர் இரு கால்களையும் சேர்த்து மேலும் கீழும் அடிக்கும் டால்ஃபின் உதை உதைத்தார் என்று அமெரிக்க அணியினர் குறை கூறினர். மறு ஆண்டே அத்தகைய உதை ஒன்றுக்கு விதியே அனுமதி அளித்தது. இவ்வளவு கட்டுப்பாட்டிற்குள் ஒருவர் மற்றொருவரை வெல்வது பொறுமையினாலும், அந்தப் பொறுமையைக் களைப்பிலும் கலையாமல் காக்கும் மனத்திண்மையினாலுமே ஆகும். மாயெஹாதா அம்மையாருக்கு அந்தத் திண்மை நிறைய இருந்தது. அதன்மேல் மற்றவர்கள் ஏற்றிய பாரமோ அதைவிட நிறைய இருந்தது.

அவர் 1914ஆம் ஆண்டு மே மாதம் 20ஆம் தேதி, வகயாமா மாகாணத்தைச் சேர்ந்த ஹஷிமோதோ என்ற ஊரில், தோஃபு செய்து விற்கும் எளிய குடும்பத்தில் பிறந்தார். சோயா மொச்சையை ஊறவைத்து அரைத்துக் காய்ச்சிக் கட்டியாக்கும் அத்தொழில், விடியுமுன்னே எழுந்து உழைப்பவர்களின் தொழில். சிறு வயதில் அவர் நோஞ்சானாக இருந்தார். உடம்பு தேறட்டும் என்றே ஊரையொட்டி ஓடும் கினோகவா ஆற்றில் நீந்தவிட்டார்கள். நம் ஊர்ப் பிள்ளைகள் வாய்க்காலிலும் கிணற்றிலும் தாமாகவே கை கால் அடித்துக் கற்றுக்கொள்வதைப் போல, போட்டியென்றும் பதக்கமென்றும் ஒன்றிருப்பதாகவே தெரியாமல் அவர் நீரோடு பழகினார். பின்னர் பள்ளிப் பந்தயங்களில் அவருடைய வேகம் கண்டு ஆசிரியர்கள் வியந்தனர். நகோயா நகரத்து ஸுகியாமா பெண்கள் பள்ளி அவரை அழைத்துக்கொண்டது. பெண்கள் ஓடுவதும் நீந்துவதும் அவமரியாதை என்று பலர் கருதிய காலத்தில் அப்பள்ளி அவருக்கு இடமும் பயிற்சியும் அளித்தது. 1931ஆம் ஆண்டு அவருடைய தாயும் தந்தையும் அடுத்தடுத்து மூளை இரத்தப்பெருக்கினால் காலமானார்கள். பதினேழு வயது நிரம்பியதும் நிரம்பாததுமான பருவத்தில் அவர் அநாதையானார். அவ்வளவு துக்கத்திற்குப் பிறகு ஒரு பெண் மீண்டும் நீரில் இறங்கினாள் என்பதே போதிய வெற்றி என்று நான் நினைக்கிறேன். ஆனால் உலகம் அப்படி நினைப்பதில்லை.

மறு ஆண்டு, 1932இல், லாஸ் ஏஞ்சலஸ் நகரில் ஒலிம்பிக் நடந்தது. 200 மீட்டர் மார்பு நீச்சலில் ஆஸ்திரேலியாவின் கிளேர் டென்னிஸ் என்ற பதினாறு வயதுப் பெண் 3 நிமிடம் 06.3 விநாடியில் முதலாவதாகவும், மாயெஹாதா 3 நிமிடம் 06.4 விநாடியில் இரண்டாவதாகவும் வந்தார்கள். நடுவர்கள் கடிகாரத்தைக் கையில் பிடித்து நேரம் அளந்த அக்காலத்தில், விநாடியில் பத்தில் ஒரு பங்கு என்பதே அளக்கத்தக்க மிகச் சிறிய அளவு. தூரமாகக் கணக்கிட்டால் அது ஓர் அரைச் சாண் இருக்கும். 1928இல் ஆம்ஸ்டர்டாமில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி பெற்ற ஹிதோமி கினுயே அம்மையாருக்குப் பிறகு, ஒலிம்பிக் பதக்கத்தைத் தாயகத்திற்குக் கொண்டுவந்த ஜப்பானியப் பெண் இவரே. அந்த ஹிதோமியோ இருபத்து நான்காம் வயதில், 1931இல், மாண்டு போயிருந்தார். வெள்ளிப் பதக்கத்தோடு திரும்பிய மாயெஹாதாவின் மனம் திருப்தியடைந்திருந்தது. பந்தய வாழ்க்கையை அத்துடன் முடித்துக்கொள்ளலாம் என்றே அவர் எண்ணினார்.

இந்த இடத்தில்தான் கரையில் நின்றவர்கள் பிரவேசிக்கிறார்கள். அப்பொழுது தோக்கியோ நகரத்து மேயராக இருந்த நகாதா ஹிதேஜிரோ அந்த இளம்பெண்ணைப் பாராட்ட வந்து, பாராட்டுடன் நில்லாமல், ஏன் தங்கம் வெல்லவில்லை, பத்தில் ஒரு விநாடிதானே, எனக்கு அது எவ்வளவு ஆற்றாமையாக இருக்கிறது தெரியுமா, அடுத்தமுறை பெர்லினில் நம் கொடியை ஏற்றிவிடு என்ற கருத்துப்படப் பேசினார் என்பது அந்நாட்டில் பலமுறை சொல்லப்பட்ட வரலாறு. ஊர் ஊராக இருந்து கடிதங்களும் வந்து குவிந்தன. அனைத்தும் ஒரே பல்லவியைப் பாடின. மேயர் தீயவர் அல்லர். கடிதம் எழுதியவர்களும் தீயவர்கள் அல்லர். அவர்கள் எல்லோரும் அந்தப் பெண்ணை மனதார நேசித்தார்கள் என்றே நம்புகிறேன். அந்த நேசம் உண்மையாக இருந்தபடியாலேயே அதை மறுத்துப் பேச அவருக்கு வாயெழவில்லை. திட்டுபவரிடமிருந்து ஒரு குழந்தை தப்பி ஓடலாம். கண்ணீரோடு நம்பிக்கை வைப்பவரிடமிருந்து எங்கே ஓடுவது? தொடங்கிய காரியத்தை இறுதிவரை செய்து முடி என்று தாய் முன்பு சொல்லியிருந்த புத்திமதியும் அவருக்கு நினைவில் வந்ததாம். அவர் நீச்சலைத் தொடர்ந்தார். 1933இல் 200 மீட்டரை 3 நிமிடம் 00.4 விநாடியில் நீந்தி உலக சாதனை படைத்தார். இனி அவர் தோற்க முடியாது என்று நாடு முடிவு கட்டிவிட்டது.

1936ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் தேதி, பெர்லின். ஹிட்லரின் ஆட்சி தன் பலத்தை உலகுக்குக் காட்ட எழுப்பிய விளையாட்டு வளாகத்தின் நீச்சல் அரங்கில் சுமார் இருபதினாயிரம் பேர் நிறைந்திருக்க, அவர்களுடைய ஆரவாரம் முழுவதும் ஜெர்மானியப் பெண்ணான மார்த்தா கெனெங்கருக்கே உரியதாக இருந்தது. தகுதிச் சுற்றுகளில் மாயெஹாதாவும் கெனெங்கரும் ஒலிம்பிக் சாதனை நேரங்களைக் காட்டியிருந்தார்கள். ஆகவே போட்டி அவ்விருவருக்கும் இடையேதான் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தோற்றால் உயிரோடு தாயகம் திரும்புவதில்லை என்று தாம் உறுதி கொண்டிருந்ததாக மாயெஹாதா அம்மையார் பிற்காலத்தில் தம் வாயாலேயே சொல்லியிருக்கிறார். அவருக்கு அப்போது வயது இருபத்திரண்டு. இந்த வாக்கியத்தைக் கடந்துபோகாமல் சற்று நிற்குமாறு உங்களை வேண்டுகிறேன். பதக்கம் வாங்கிக் கொண்டு வா என்று அன்போடு வழியனுப்பியவர்களில் ஒருவருக்கேனும், அவள் மனத்தில் இப்படி ஓர் எண்ணம் குடியேறியிருக்கிறது என்று தெரிந்திருக்குமா? தெரிந்திருந்தால் அதே சொற்களைச் சொல்லியிருப்பார்களா? அவளிடம் யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை, இரு தரப்பிலும் நிலவிய அந்த மௌனத்திற்குப் பெயர் வீரம் என்று அக்காலத்தில் சொன்னார்கள். எனக்கு அதை அவ்வாறு ஏற்க மனமில்லை.

ஜப்பானில் அப்பொழுது நள்ளிரவு. ஒலிபரப்புக்கு ஒதுக்கிய நேரம் முடியப் போகிற சமயத்தில், வானொலி அறிவிப்பாளர் கஸாய், தயைகூர்ந்து வானொலியை அணைத்துவிடாதீர்கள் என்று நேயர்களைக் கேட்டுக்கொண்டு வருணனையைத் தொடர்ந்தார். கடைசி ஐம்பது மீட்டரில் கெனெங்கர் நெருங்கி வரவர, வருணிக்க வேண்டும் என்ற எண்ணமே அவருக்கு மறந்துபோயிற்று. ‘மாயெஹாதா, கம்பாரே! மாயெஹாதா, கம்பாரே!’ — விடாதே, மாயெஹாதா, விடாதே — என்று இருபது முறைக்கும் மேலாகக் கூவிய அவருடைய குரல், மாயெஹாதா சுவரைத் தொட்டதும், ஜயித்துவிட்டாள், ஜயித்துவிட்டாள் என்ற ஒரே முழக்கமாக மாறிற்று. மாயெஹாதா 3 நிமிடம் 03.6 விநாடி, கெனெங்கர் 3 நிமிடம் 04.2 விநாடி. ஒலிம்பிக்கில் தங்கம் பெற்ற முதல் ஜப்பானியப் பெண் என்ற கீர்த்தி அந்த இரவில் பிறந்தது. அக்குரல் இசைத்தட்டாகப் பதிந்து விற்பனையாயிற்று. இது வருணனையா, வெறும் கூச்சலா என்று குறை கூறியவர்களும் இருந்தார்கள். ஆனால் அந்நாட்டு விளையாட்டு வரலாற்றில் அதைவிடப் பிரசித்தமான குரல் இன்னொன்று உண்டா என்பது சந்தேகமே.

அந்தக் குரல் அவருடைய காதில் விழவில்லை. பெர்லின் நீரில் கடைசி மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் நீந்திய அந்த நிமிடத்தில், அவரை நோக்கியே எழுந்த அந்தச் சொற்கள், அவரைத் தவிர மற்ற எல்லோருக்கும் கேட்டன. அவர் கேட்டது ஜெர்மானியர் கெனெங்கருக்காக எழுப்பிய ஆரவாரத்தை மட்டுமே. நான்கு வருஷங்களுக்கு முன் மேயர் சொன்ன சொல்லும், மூட்டை மூட்டையாக வந்த கடிதங்களும்தான் அவரோடு கூடவே நீந்தின. பந்தய நாளன்று நாம் போடும் கூச்சல் நம்முடைய பதற்றத்தை ஆற்றிக்கொள்வதற்காக நாமே கண்டுகொண்ட உபாயம். அது குழந்தைக்கு ஏறக்குறையப் போய்ச் சேருவதே இல்லை. போய்ச் சேர்ந்து, ஆழத்தில் தங்கி, நீரில் அவர்களுடன் வருபவை, சாதாரண நாட்களில், வீடு திரும்பும் வழியில், சோற்றுத்தட்டின் முன்னால், போகிற போக்கில் நாம் சொல்லிவிடுகிற வார்த்தைகளே.

அன்று இரண்டாவதாக வந்த கெனெங்கரைப் பற்றியும் ஒரு சொல் சொல்ல வேண்டும். தன் நாட்டின் தலைநகரில், தன் நாட்டு மக்கள் சூழ்ந்திருக்க, அவர் விநாடியில் பத்தில் ஆறு பங்கு வித்தியாசத்தில் தங்கத்தை இழந்தார். அவருக்கும் ஒரு மேயர் இருந்திருப்பார். அவருக்கும் யாரேனும் கடிதம் எழுதியிருப்பார்கள். இம்மடல் ஜப்பானியக் கரையை மட்டும் குறிப்பதன்று. மூன்றாவதாக வந்து வெண்கலம் பெற்ற ஸோரென்ஸன் என்ற டென்மார்க்குச் சிறுமிக்கோ வயது பன்னிரண்டுதான். பன்னிரண்டு வயதில் ஒலிம்பிக் பதக்கம் என்று வியப்போர் வியக்கட்டும்; எனக்கு அந்தச் செய்தியைப் படிக்கும்போதெல்லாம் வியப்போடு ஒரு கவலையும் சேர்ந்தே எழுகிறது.

அக்கவலைக்குக் காரணம் உண்டு. 1992இல் பார்ஸிலோனாவில், அதே 200 மீட்டர் மார்பு நீச்சலில், ஜப்பானின் கியோகோ இவஸாகி என்ற பதினான்கு வயதுச் சிறுமி 2 நிமிடம் 26.65 விநாடியில் தங்கம் வென்றார். அவருடைய பிறந்த நாள் கடந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. இதுவரை நான் வாழ்ந்ததில் இதுவே மிகவும் மகிழ்ச்சியான நேரம் என்ற பொருள்பட அவர் கபடமின்றிச் சொன்ன ஒரு வாக்கியம் நாடெங்கும் பரவிற்று. பதினான்கு வயதுக் குழந்தைக்கு வாழ்க்கையைப் பற்றி என்ன தெரியும் என்று ஏளனம் செய்தவர்களும் இருந்தார்கள். தெருவில் நடமாட முடியாதபடி அவரைத் தொடர்ந்தவர்களும் இருந்தார்கள். நான்கு ஆண்டுகள் கழித்து அட்லாண்டாவில் அவரால் இறுதிப் போட்டிக்குக்கூட வர இயலவில்லை. இருபது வயதளவில் அவர் பந்தய நீச்சலையே விட்டார். தங்கம் வெல்லாமல் இருந்திருக்கலாமே என்று தாம் எண்ணியதுண்டு என்று பின்னாளில் அவரே பேசியிருக்கிறார். மாயெஹாதாவுக்குத் தோல்வி எதைச் செய்யக்கூடும் என்று அஞ்சினோமோ, அதை இவஸாகிக்கு வெற்றியே செய்துவிட்டது. அரைச் சாண் தூரத்தில் தங்கம் தவறிய பெண்ணும், தங்கத்தை எட்டிப்பிடித்த சிறுமியும் கரையில் நின்றவர்களால் ஒரே விதமாகவே நெருக்கப்பட்டார்கள் என்பதை எண்ணும்போது, பதக்கத்தின் நிறம் இதில் முக்கியமல்ல என்று தெரிகிறது.

இக்காலத்தில் நிலைமை சற்றே மாறியிருக்கிறது என்பதற்கு ஆடம் பீட்டி என்ற பிரிட்டிஷ் வீரர் சாட்சி. 100 மீட்டர் மார்பு நீச்சலில் 2016இல் ரியோவில் 57.13 விநாடி, 2021இல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கில் 57.37 விநாடி என இருமுறை தங்கம் வென்று, 2019இல் 56.88 விநாடி என்ற உலக சாதனையும் படைத்த அவர், 2023இல் தம் மனநலத்தைக் காரணமாக வெளிப்படையாகக் கூறிப் போட்டிகளிலிருந்து விலகி நின்றார். மாயெஹாதாவின் காலத்தில் அத்தகைய வாக்கியம் ஒன்றை ஒரு வீரர் உரைத்திருந்தால் அது கோழைத்தனமாகவே எண்ணப்பட்டிருக்கும். பீட்டி திரும்பி வந்து, 2024இல் பாரிஸில், இத்தாலியின் மார்டினெங்கி 59.03 விநாடியில் வெல்ல, தாம் 59.05 விநாடியில், அமெரிக்க வீரர் ஒருவருடன் சேர்ந்து, வெள்ளியைப் பெற்றார். விநாடியில் நூறில் இரண்டு பங்கு. நீரில் இரண்டு விரற்கடை தூரம். அன்று அவர் சிந்திய கண்ணீர் ஆனந்தத்தினால் வந்தது என்று அவர் சொன்னதை நான் மனப்பூர்வமாக நம்புகிறேன். அதற்குத் தொண்ணூற்றிரண்டு ஆண்டுகளுக்கு முன் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு பெண் வெள்ளியோடு திருப்தியுற்றிருந்தபோது, அவளையும் அந்தத் திருப்தியில் இருக்க விட்டிருக்கலாமே என்று என் மனம் அங்கலாய்க்கிறது.

உடலைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். பயிற்றுநர்கள் அறிந்ததே ஆயினும் பெற்றோர்க்குப் பயன்படும். மார்பு நீச்சலின் உதை, பாதத்தை வெளிப்புறம் திருப்பி வட்டமாகச் சுழற்றி அடிப்பதாகையால், முழங்காலின் உட்பக்கத்து இணைப்பு நார்களை ஒவ்வொரு முறையும் இழுத்து வருத்துகிறது. வளரும் பிள்ளைகள் இதை ஆயிரக்கணக்கான முறை செய்யும்போது அந்த இடத்தில் வலி காண்பது சகஜம். மருத்துவர்கள் அதை மார்பு நீச்சல்காரர்களின் முழங்கால் என்றே வழங்குகிறார்கள். பிள்ளை முழங்கால் வலிக்கிறது என்றால், அதைச் சோம்பலின் சாக்கு என்று தள்ளிவிடாதீர்கள். சில நாள் உதையை நிறுத்தி, கைகளுக்கு மட்டும் பயிற்சி தந்து, உதைக்கும் முறையில் பிசகு உண்டா என்று பார்த்தாலே பெரும்பாலும் நன்மை உண்டாகும். வலியைச் சொல்லத் தயங்காத பிள்ளையே நெடுங்காலம் நீந்தும்.

இனி நான் மிகவும் விரும்பிச் சொல்ல நினைத்த பகுதிக்கு வருகிறேன். மாயெஹாதாவைப் பற்றி எழுதுபவர்களில் அநேகர் பெர்லினோடு எழுதுகோலைக் கீழே வைத்துவிடுகிறார்கள். அப்பொழுது அவருக்கு இருபத்திரண்டு வயது. அதற்கப்பால் அவர் ஐம்பத்தெட்டு ஆண்டுகள் உயிர்வாழ்ந்தார். 1937இல் ஹியோதோ என்ற மருத்துவரை மணந்தார். இரு ஆண் குழந்தைகளைப் பெற்றார். யுத்தத்தையும் அதன் பிந்திய வறுமையையும் கண்டார். கணவர் காலமான பின், தமக்கு இடங்கொடுத்து வளர்த்த ஸுகியாமா பள்ளியின் பணியிலேயே தம்மை ஈடுபடுத்திக்கொண்டார். பின்னர், நகோயாவின் நகரக் குளத்தில், வீரர்களுக்காக அன்றி, குடும்பத்தைத் தாங்கி நிற்கும் இல்லத்தரசிகளுக்காக, தாய்மார்களுக்காக, ஒரு நீச்சல் வகுப்பைத் தொடங்கினார். தம் பிள்ளைகளுக்கு நீச்சல் கற்பிக்க அழைத்து வந்து, கரையில் உட்கார்ந்து கைப்பையைக் காத்துக்கொண்டிருந்த பெண்கள், அவருடைய வகுப்பில் தாமே நீரில் இறங்கினார்கள். முப்பது வயதிலும் நாற்பது வயதிலும், முகத்தை நீரில் நனைப்பதற்கே பயந்த பெண்களின் வயிற்றுக்குக் கீழே தம் கையைக் கொடுத்துத் தாங்கி, உலக சாதனை படைத்த அந்த அம்மையார் அவர்களை மிதக்கச் செய்தார். அந்த வகுப்பில் எவரும் எவரையும் முந்த வேண்டியதில்லை. நடுவர் இல்லை, கடிகாரம் இல்லை.

1983இல், தம் பெற்றோரைக் கொண்டுபோன அதே மூளை இரத்தப்பெருக்கு அவரையும் தாக்கிற்று. அவர் அதைக் கடந்து, விடாமுயற்சியான அப்பியாசத்தினால் உடல் தேறி, மறுபடியும் குளத்திற்குத் திரும்பினார். 1990இல் ஜப்பானிய அரசு பண்பாட்டுத் தொண்டாற்றியோர் என்ற உயர்ந்த கௌரவத்தை அவருக்கு அளித்தது. விளையாட்டுத் துறைப் பெண் ஒருவருக்கு அது கிடைத்தது அதுவே முதல் முறை. 1995ஆம் ஆண்டு பிப்ரவரி 24ஆம் தேதி, எண்பதாம் வயதில், அவர் மறைந்தார். அவருடைய பந்தய வாழ்க்கையைப் பத்து ஆண்டுகளுக்குள் அடக்கிவிடலாம். தண்ணீரோடு அவருக்கிருந்த உறவோ கினோகவா ஆற்றில் தொடங்கி ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் நீடித்தது. இரண்டில் எது அவருடைய தொழில், எது அவருடைய வாழ்க்கை என்று கேட்டால், நான் இரண்டாவதையே அவருடைய சாதனை என்பேன். பெர்லின் தங்கம் அதற்குள்ளே அடங்கிய ஒரு சிறந்த நிகழ்ச்சி.

ஆகவே உங்களிடம் சில கோரிக்கைகள். பயிற்றுநர்களே, பதின்மூன்று பதினான்கு வயதில் நேரம் முன்னேறாமல் தேங்கிவிட்டது என்ற காரணத்திற்காக ஒரு பெண் குழந்தையைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடாதீர்கள். அவ்வயதில் உடல் மாறுகிறது, மிதக்கும் முறையே மாறுகிறது, அதற்குப் பழக ஓரிரு ஆண்டுகள் ஆகும். பந்தயத்திற்கு வராவிட்டாலும் குளத்திற்கு வரலாம் என்ற ஒரு வகுப்பை அவளுக்காக வைத்திருங்கள். செய்தி எழுதுபவர்களே, வெள்ளி பெற்றவரை எதிரே நிறுத்தி, ஏன் தங்கம் கைதவறியது என்று கேட்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள்; அந்தக் கேள்வியை ஜப்பானில் ஒரு மேயர் கேட்டு, அதன் விலையை ஒரு பெண் நான்கு வருஷம் செலுத்தியாயிற்று. தந்தையர்களே, பந்தயம் முடிந்து வண்டியில் திரும்பும்போது, கடிகாரம் என்ன காட்டிற்று என்பதைப் பிள்ளை தானாகச் சொல்லும்வரை காத்திருங்கள்.

தாய்மார்களுக்கு என் வேண்டுகோள் வேறு. நம் ஊர்க் குளங்களில் மாலை வேளைகளில் பார்க்கிறேன்: பிள்ளை நீரில் இருக்கிறது, தாய் நெகிழி நாற்காலியில் அமர்ந்து ஒரு மணிநேரம் காத்திருக்கிறார். பிள்ளைப் பருவத்தில் ஆற்றிலோ கிணற்றிலோ இறங்கியவராக இருப்பார்; பெரியவளானதும் இறங்கக் கூடாது என்று யாரோ சொன்னதனால் நின்றவராகவும் இருப்பார்; அல்லது ஒருபோதும் இறங்கியிராதவராக இருப்பார். நகரசபைக் குளங்களிலும் தனியார் குளங்களிலும், வயது வந்த பெண்களுக்கு என்று, பெண் பயிற்றுநரோடு, உடை பற்றிய கட்டாயங்களைச் சற்றுத் தளர்த்தி, வாரத்தில் சில வேளைகள் ஒதுக்குமாறு கேட்டு, நீங்கள் பத்துப் பேர் சேர்ந்து கையெழுத்திட்டு ஒரு மனு எழுதினால், அதை மறுக்கக் குளத்தின் அதிகாரிகளுக்கு நியாயமான காரணம் ஒன்றும் இராது. பிள்ளைக்குப் பயிற்சி நடக்கும் அதே மணிநேரத்தில், பக்கத்துத் தடத்தில், உங்களுக்கும் ஒரு வகுப்பு நடக்கட்டும். வரும் கோடைக்கு முன்பாகவே அந்த மனுவை எழுதிக் கொடுத்துவிடுங்கள்; கோடை வந்துவிட்டால் குளங்களில் இடம் கிடைப்பதில்லை.

இங்ஙனம்,
உங்கள் நலம் நாடும் அன்பன்